பூ வாடலாம், வண்ணம் வாடலாமா?

எதை வாங்கலாம் என்று கேட்டு இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே கூட்டத்தாருடையவை. தோட்டத்தில் பூவுக்கு எதிரே உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவர்கள். சிலர் நாள்தோறும், சிலர் வாரத்தில் இரண்டு காலை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் பதில்கள் நீண்டுவிட்டன. வாஷிங் மெஷின் கேள்விகளோடு காத்திருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: தினமும் காலையில் ஒரு மணி நேரம் பூக்களை வரைவது என்று முடிவு செய்திருக்கிறேன். 24 டியூப் கொண்ட பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

வேண்டாம். பெட்டியைத் திறக்கும் முதல் நிமிடத்து மகிழ்ச்சிக்கு மட்டும்தான் அது உதவும். அதில் எல்லா டியூப்களும் ஒரே அளவில் இருக்கும், பெரும்பாலும் 12 மி.லி. நீங்கள் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் செலவழிக்கப் போவதில்லை. நாள்தோறும் வரைகிறவருக்கு வெள்ளை முதல் வாரங்களிலேயே தீர்ந்துபோகும். கூடவே வந்த நாலைந்து பச்சைகள் அடுத்த வருடமும் மூடி திறக்காமல் கிடக்கும்.

தனித்தனியாக ஏழு வாங்குங்கள். டைட்டானியம் வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சுப் பக்கம் சாயும் மஞ்சள் ஒன்று, ஆரஞ்சுப் பக்கம் சாயும் சிவப்பு ஒன்று, குயினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. வெள்ளையை மட்டும் 200 மி.லி. டியூபாக வாங்குங்கள், மற்றவை 40 மி.லி. அளவில் போதும். சிவப்பில் எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். செம்பருத்திச் சிவப்பில் வெள்ளையைச் சேர்த்தால் ரோஜாவின் இளஞ்சிவப்பு வராது, செங்கல் கழுவிய நீர் போல ஒன்றுதான் வரும். ரோஜாவுக்கு நீலப் பக்கம் சாயும் சிவப்பு வேண்டும், குயினாக்ரிடோன் ரோஸ் அதுதான். அதே ரோஸ் அல்ட்ராமரைனோடு சேர்ந்து ஊதாப் பூக்களையும் பார்த்துக்கொள்ளும். இலைப் பச்சையை இரண்டு மஞ்சள்களையும் நீலத்தையும் கலந்தே எடுத்துவிடலாம். அது கூடுதலாகப் பளபளத்தால் சியன்னா துளி போதும். டியூபிலிருந்து நேராக வரும் பச்சை எந்தச் செடியிலும் இல்லாத பச்சை.

கேள்வி: போன வருடம் வரைந்த ரோஜா ஓவியம் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. இதழ்களின் இளஞ்சிவப்பு வெளிறி, இப்போது சாம்பல் வெள்ளையாக நிற்கிறது. கடையில் கேட்டால், 'வெயில் படும் இடத்தில் மாட்டினீர்கள்' என்கிறார்கள். தவறு யாருடையது?

இரண்டு பேருடையதும். கடைக்காரர் விற்கும்போது சொல்லவில்லை. நீங்கள் வாங்கும்போது டியூபைத் திருப்பிப் பார்க்கவில்லை. பூ வரைகிறவர்கள் வேறெதைப் படிக்காவிட்டாலும் டியூபின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தே ஆக வேண்டும். இயற்கைக் காட்சி வரைகிறவருக்கு வானத்து நீலமும் மண்ணின் பழுப்பும் பெரும்பாலும் நிலைத்து நிற்கும் நிறமிகள். நமக்கோ இளஞ்சிவப்பும் ஊதாவும் தான் பிழைப்பு. நிறமிகளில் வெளிச்சம் பட்டால் ஓடிப்போகும் குணம் மிகுந்தவர்கள் அந்தக் குடும்பத்தில்தான் அதிகம்.

இது புதிய வியாதியும் இல்லை. ஓவியர் வான்கோ 1890 மே மாதம் பிரான்சின் சென்-ரெமி மனநல மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் இளஞ்சிவப்பாக வரைந்த ரோஜாக்கள் இன்று ஏறக்குறைய வெள்ளை ரோஜாக்கள். அதே நாட்களில் அவர் ஊதாவாக வரைந்த ஐரிஸ் பூக்கள் நீலமாகிவிட்டன. அவர் பயன்படுத்திய ஜெரேனியம் லேக் என்ற சிவப்பு ஈயோசின் சாயத்திலிருந்து செய்தது. வெளிச்சம் பட்டால் அது நிற்காது.

இனி பொடி எழுத்துக்கு வருவோம். டியூபின் முன்பக்கத்துப் பெயர் விற்பனைக்கானது. பின்பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். உள்ளே இருக்கும் நிறமி எது என்பதை அதுதான் சொல்லும். பி.ஆர். என்றால் சிவப்பு, பி.ஒய். மஞ்சள், பி.பி. நீலம், பி.வி. ஊதா, பி.டபிள்யூ. வெள்ளை. 'அலிசரின் கிரிம்சன்' என்ற அழகான பெயரின் பின்னால் பி.ஆர். 83 என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நிறம் வெளிச்சத்தில் எவ்வளவு நிற்கும் என்பதற்கு ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு வைத்த வரிசையில் அது மூன்றாம் வகுப்பு. ஒன்றும் இரண்டும்தான் ஓவியத்துக்கு நம்பத்தக்கவை. அதன் இடத்தை நிரப்ப பி.வி. 19 அல்லது பி.ஆர். 122 என்று எழுதிய குயினாக்ரிடோன் நிறங்கள் இருக்கின்றன. ஒரு சின்னச் சிக்கல்: பி.வி. 19 என்ற ஒரே எண்ணில் ரோஸும் வரும், ஊதாவும் வரும். படிக அமைப்பு வேறு என்பதால் நிறம் மாறும். ஆகவே எண்ணையும் பாருங்கள், நிறத்தையும் பாருங்கள்.

பெயரோடு 'ஹியூ' என்று ஒட்டியிருந்தால், அந்தப் பெயருக்குரிய நிறமி உள்ளே இல்லை, அதன் சாயலில் வேறொன்று இருக்கிறது என்று பொருள். இது எப்போதும் ஏமாற்று என்று எண்ண வேண்டாம். 'காட்மியம் சிவப்பு ஹியூ' நல்ல நிறமியில் செய்ததாகவும் இருக்கலாம், மட்டமானதில் செய்ததாகவும் இருக்கலாம். மறுபடியும் எண்தான் சாட்சி. 'பர்மனென்ட்' என்ற சொல்லையும் நட்சத்திரக் குறிகளையும் நான் பெரிதாக மதிப்பதில்லை. நட்சத்திரம் அந்தந்த நிறுவனம் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் மதிப்பெண்.

உங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா? டியூபில் எண்ணும் தரமும் அச்சிட்டிருந்தால் வழக்கு பலவீனமானது, சொல்லித்தான் விற்றார்கள். எதுவுமே அச்சிடவில்லை என்றால், அல்லது 'மங்காது' என்று அட்டையில் எழுதியிருந்தால், படத்தையும் ரசீதையும் வைத்துக் கடைக்கும் உற்பத்தியாளருக்கும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அடுத்த முறை வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். கெட்டி அட்டையில் நிறத்தை இரண்டு பட்டையாகத் தீட்டுங்கள்: ஒன்று அப்படியே, இன்னொன்று நிறைய வெள்ளை கலந்து. காய்ந்தபின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். பிறகு தாளை எடுத்தால் உண்மை தெரியும். வெள்ளை கலந்த பட்டைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். இதழ்களை நாம் வரைவது அப்படிப்பட்ட வெளிர் கலவையில்தானே.

கேள்வி: பயிற்சிக்குத்தானே, மாணவர் தரம் போதாதா?

சில டியூப்களுக்குப் போதும். மாணவர் தரத்தில் நிறமி குறைவு, நிரப்புப்பொருள் அதிகம். பர்ன்ட் சியன்னா போன்ற மண் நிறங்கள் கலைஞர் தரத்திலேயே விலை வரிசையின் அடியில் இருக்கும். அவற்றில் மிச்சம் பிடிப்பதில் பெரிய பயன் இல்லை. ரோஸில் மிச்சம் பிடிப்பது நேரடி நஷ்டம். நல்ல ரோஸ் மிளகு அளவு எடுத்தால் ஒரு குவியல் வெள்ளையையே நிறமாக்கிவிடும். மலிவானதில் நெல்லிக்காய் அளவு தேவைப்படும்.

வெள்ளையில் மாணவர் தரம் எடுக்கலாம், ஆனால் எண்ணைப் பார்த்து. பி.டபிள்யூ. 6 டைட்டானியம்; பி.டபிள்யூ. 4 துத்தநாகம். துத்தநாக வெள்ளை எண்ணெயில் வருடங்கள் போகப்போக நொறுங்கும் தன்மை கொண்டது, அடுக்கு பெயர்வதும் உண்டு. இரண்டும் கலந்த வெள்ளைகள் கடையில் நிறைய இருக்கின்றன. நான் 6 மட்டும் உள்ளதை எடுப்பேன்.

கேள்வி: டியூபைத் திறந்ததும் மஞ்சளாக எண்ணெய் வழிந்தது. பழைய சரக்கா? இன்னொன்றில் மூடியே திறக்கவில்லை.

எண்ணெய் பிரிவது குறையில்லை. வண்ணக்கத்தியால் மறுபடி கலந்துகொள்ளலாம், அல்லது தாளில் ஒற்றி எடுக்கலாம். மூடிக்கு வெந்நீர், குறடு கொண்டு திருகினால் கழுத்து கிழியும். அமுக்கினால் கல்லாக இருக்கும் டியூபைத்தான் திருப்பித் தர வேண்டும். 1841இல் ஜான் ராண்ட் என்ற ஓவியர் தகர டியூபுக்குக் காப்புரிமை பெறும் வரை வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். அதை நினைத்தால் மூடி பெரிய துன்பமாகத் தெரியாது.

கேள்வி: தோட்டத்தில் நிறுத்த எந்த ஈசல் நல்லது? எடை குறைந்தது வாங்க நினைக்கிறேன்.

ஈசல் என்று தமிழில் எழுதினாலே மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் பூச்சிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஓவியத்தைத் தாங்கி நிற்பதால் தாங்கி என்றே சொல்கிறேன். பூச்சிக்கும் அதற்கும் ஒரு பொருத்தம் உண்டு, இரண்டும் காற்றில் பறக்கும். என் முதல் தாங்கி இறகுபோல இருந்தது. ஒரு சாமந்திப் பாத்திக்கு எதிரே ஈர ஓவியத்தோடு குப்புற விழுந்தது. ஓவியம் மண்ணையும் எறும்பையும் தன்னில் சேர்த்துக்கொண்டது. விற்பனைப் பக்கத்தில் எடை குறைவு என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். நானும் அதை நல்ல குணமாகத்தான் படித்தேன்.

வீட்டுத் தோட்டத்துக்கு நீங்கள் மலை ஏறப் போவதில்லை. சற்றே கனமானதை வாங்குங்கள், அல்லது நடுத்தண்டில் கொக்கி உள்ளதாகப் பார்த்து அதில் பையைத் தொங்கவிடுங்கள். கேமராவின் முக்காலி ஏற்கெனவே இருந்தால் அதன் மேல் திருகும் சிறு வண்ணப்பெட்டி போதும். அடியிலுள்ள திருகுத்துளை 1/4 அங்குலமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், முக்காலிகளில் பொதுவானது அது. வந்த அன்றே முழு உயரத்துக்கு நிறுத்தி, நீங்கள் வரைகிற அளவுப் பலகையை மாட்டி, தூரிகை அழுத்துவதுபோல விரலால் அழுத்துங்கள். ஆடினால் திருப்பி அனுப்புங்கள். ஒரு சொட்டு வண்ணம் பட்டுவிட்டால் எந்தக் கடையும் திரும்ப வாங்காது.

குடை வாங்குவதாக இருந்தால் சிவப்பு, நீலம் கூடாது. குடையின் நிறம் பலகை மேல் விழும். வீட்டுக்குள் கொண்டுபோனதும் உங்கள் வெள்ளை ரோஜா வேறு பூவாகிவிடும். உட்பக்கம் கறுத்த குடை நல்லது. காற்று வந்தால் முதலில் அதை மடக்குங்கள், தாங்கியைச் சாய்ப்பதே பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: தூரிகை கழுவ 'மணமற்றது' என்று விற்கும் கரைப்பான் பாதுகாப்பானதுதானா?

மணத்தை எடுத்திருக்கிறார்கள், ஆவியை எடுக்கவில்லை. டர்பன்டைனைவிட உறுத்தல் குறைவு, வெளியில் வரைவதால் உங்களுக்கு ஆபத்தும் குறைவு. அதற்காகத் திறந்த கிண்ணத்தில் வைக்காதீர்கள், இறுக மூடும் உலோக டப்பா வாங்குங்கள். கசடு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததைத் திரும்பப் பயன்படுத்தலாம். கசடைச் செடிக்கடியில் கொட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு; காட்மியம் கலந்ததை ரோஜாவின் வேருக்கு ஊட்டுவானேன்?

கரைப்பானைவிட எனக்குப் பயம் துணியில்தான். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காய்கிறது, அப்போது சூடு உண்டாகிறது. எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: கேன்வாஸா, பலகையா?

வெளியில் பலகை. வெயில் பின்னாலிருந்து வந்தால் கேன்வாஸ் ஊடே ஒளி கசிந்து நிறத்தை ஏமாற்றும். 20 × 25 செ.மீ. அளவு போதும், ஒன்றரை மணி நேரத்தில் நிழல் இடம் மாறிவிடும், பெரிய பலகை அதற்குள் நிரம்பாது. செம்பருத்தி ஒரே நாள் பூ, நாளை வந்து முடிக்கலாம் என்ற பேச்சே இல்லை. எண்ணெய் ஊறாமல் தடுக்கும் ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சு 'மூன்று பூச்சு' என்று எழுதியதை நம்பாமல் ஓரத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பாருங்கள். பின்பக்கம் கறை தெரிந்தால் நீங்களே இன்னொரு பூச்சு ஜெஸ்ஸோ அடித்துக்கொள்ளுங்கள். ஈரப் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று படாமல் வைக்கப் பள்ளம் வெட்டிய பெட்டி ஒன்று வேண்டும், அதைப் பழைய மரத்துண்டுகளில் யாரும் செய்துவிடலாம்.

கேள்வி: என் சித்தி தினமும் தோட்டத்தில் வரைகிறார். பிறந்தநாளுக்குப் பித்தளைப் பூட்டு போட்ட மர வண்ணப்பெட்டி வாங்கித் தரலாமா?

அழகாகத்தான் இருக்கும், சித்தி அதை அலமாரியில் வைத்துத் துடைப்பார். அவர் இல்லாத நேரத்தில் வண்ணப் பையைத் திறந்து, எந்த டியூப் வால் முதல் கழுத்து வரை சுருட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதன் பின்பக்க எண்ணை எழுதிக்கொண்டு போய், அதே எண்ணில் பெரிய டியூபாக வாங்குங்கள்.