12 எபிசோடு வரை உயிராக இருந்தேன்

வணக்கம் அக்கா,

எனக்கு வயது 22. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை, நான் ஆலையில் லோரி எடை பதியும் கிராணி. நான் கேட்க வந்தது மற்றவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை.

'தி பிராமிஸ்ட் நெவர்லேண்ட்' என்று ஓர் அனிமே, அதாவது ஜப்பானிய கார்ட்டூன் தொடர். அநாதை இல்லத்தில் சந்தோஷமாக வளரும் பிள்ளைகள், அரக்கர்களுக்குத் தீனி போடத்தான் தங்களை வளர்க்கிறார்கள் என்று தெரிந்ததும் தப்பிக்கப் பார்க்கும் கதை. படிவம் 2 படிக்கும் தம்பியையும் உட்கார வைத்து, முதல் சீசனின் 12 எபிசோடையும் ஐந்தே இரவில் பார்த்து முடித்தோம். பிள்ளைகள் துணி மாட்டும் ஹேங்கரைக் கயிற்றில் போட்டுப் பள்ளத்தைத் தாண்டுவார்கள். மறுநாள் தம்பி பின்வாசல் கொடிக்கயிற்றில் ஹேங்கரை மாட்டி, தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தொங்கவிட்டுத் தள்ளிப் பார்த்தான். அம்மாவின் கைலி சேற்றில் விழுந்ததுதான் மிச்சம். அப்படி ஒரு பைத்தியம் எங்களுக்கு.

இரண்டாம் சீசனில் எல்லாம் வடிந்துவிட்டது. முதல் சீசனில் செத்துவிட்டான் என்று நினைத்த நார்மன் என்ற பையன் திரும்பி வருகிறான். வந்த வேகத்தில் கதை அடுத்ததற்குப் போய்விடுகிறது, அழக்கூட நேரம் தரவில்லை. கடைசியில் கதாநாயகி எம்மாவின் பெரிய பயணத்தை அசையாத படங்களாகக் காட்டி முடித்துவிட்டார்கள். கோபத்தில் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தம்பிக்கு அதுவும் பிடித்திருக்கிறது. மறுபடி பார்க்கலாம் வா என்கிறான். அவனுக்காக மூன்று தடவை உட்கார்ந்தேன். நாலாவது எபிசோடு வருவதற்குள் தூங்கிவிடுகிறேன். "எதையும் பாதியில விடறதே உனக்குப் பொழப்பு" என்கிறார் அம்மா. பரதநாட்டிய வகுப்பை விட்டேன். ஈப்போவில் சேர்ந்த டிப்ளோமாவையும் 2 செமஸ்டரில் விட்டேன். இப்போது இது. என் மனதில் ஏதாவது கோளாறா அக்கா?

– வாசகி, சுங்கை சிப்புட்

அன்புத் தங்கைக்கு,

போனைக் கவிழ்த்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில்தான் எனக்கு நிம்மதி வந்தது. ஆர்வமே வற்றிப்போனவர்களுக்கு இந்தக் கோபம் லேசில் வராது. எது பிடிக்கவில்லை என்று கேட்டால் "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். நீ எந்தக் காட்சியில் எது குறைந்தது என்று விரல் வைத்துக் காட்டுகிறாய்.

நீ காட்டிய இடமும் சரிதான். அந்த அனிமேயின் மூலக்கதையான மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) 20 தொகுதிகள், 181 அத்தியாயங்கள். 2019இல் வந்த முதல் சீசன் 12 எபிசோடில் சுமார் 37 அத்தியாயங்களைத்தான் சொன்னது. மீதி 140க்கும் மேல். 2021இல் வந்த இரண்டாம் சீசன் வெறும் 11 எபிசோடில் கதையை முடித்தது. கோல்டி பாண்ட் என்ற பெரிய பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். உணர்ச்சிக்கு நேரம் தராமல் ஓடினால் பார்க்கிறவள் மனம் பின்தங்கத்தான் செய்யும். அதற்கு உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே.

ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் விட முடியாது. கடந்த இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் எதிலுமே மனம் ஒட்டவில்லையா? தோழிகளோடு பேசுவது, பிடித்த சாப்பாடு, பாட்டு எல்லாமே சப்பென்று இருக்கிறதா? தூக்கம் கெட்டு, மனம் பாரமாகவே இருக்கிறதா? ஆமாம் என்றால் விஷயம் அனிமேயைத் தாண்டியது. அரசாங்க சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி டாக்டரிடம் இதையே சொல். அதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555க்கு அழைக்கலாம். வேலை முடிந்து களைத்து வந்து, பிடிக்காத ஒன்றைப் பார்க்கும்போது மட்டும் தூங்குகிறாய் என்றால், அது வெறும் தூக்கம்.

தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிடு. "எனக்கு இந்த சீசன் பிடிக்கலடா, உனக்கு எது பிடிச்சது, சொல்லு" என்று கேள். பக்கத்தில் நீ தூங்கி விழுவதைவிட அவனோடு சண்டை போடுவது அவனுக்கு எவ்வளவோ மேல். அப்புறம் இரண்டு பேருமாக மங்காவை ஐந்தாம் தொகுதியிலிருந்து வாசித்துப் பாருங்கள். முதல் சீசன் நின்ற இடத்திலிருந்து கதை அங்கேதான் தொடர்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அனிமேயை ஏன் விட்டாய் என்பதற்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். டிப்ளோமாவுக்கு ஒரே ஒரு வரி. பாடம் பிடிக்கவில்லையா? பஸ்ஸா, பணமா, வகுப்பில் யாராவது ஏதாவது சொன்னார்களா? அம்மா எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார், நீயும் அதையே சுமக்கிறாய் என்று தோன்றுகிறது. நார்மன் காட்சியைப் பற்றி எழுதினாயே, அதே மாதிரி அந்த 2 செமஸ்டரைப் பற்றியும் எனக்கு எழுது. எந்த நாளில், எந்த இடத்தில் மனம் விட்டுப்போனது என்று. நான் காத்திருக்கிறேன்.

– அக்கா