மேடை ஓரத்துப் பெரியவர்

கேள்வி: பாப் மார்லியின் கச்சேரி வீடியோக்களில், ஓரமாக நின்று கையால் டிரம் தட்டுவாரே ஒரு பெரியவர், அவர் யார்? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: நல்ல கண் உங்களுக்கு! எல்லாரும் மார்லியின் சடையைப் பார்ப்பார்கள், நீங்கள் ஓரத்தைப் பார்த்திருக்கிறீர்கள்.

அவர் ஆல்வின் 'சீக்கோ' பேட்டர்சன். 1930-ல் கியூபாவின் ஹவானாவில் பிறந்து, ஜமைக்காவில் வளர்ந்தவர். மார்லியைவிட 14 வயது மூத்தவர். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் மார்லியும் நண்பர்களும் பாடித் திரிந்த காலத்தில், அவர்களைத் தயாரிப்பாளர் காக்ஸன் டாட்டிடம் அழைத்துப்போனவர் இவர்தான். 1964-ல் அவர்களுடைய 'சிம்மர் டவுன்' பாட்டு ஜமைக்காவையே கலக்கியது.

அந்த நண்பர்களில் பீட்டர் டாஷும் பன்னி வெய்லரும் குழுவிலிருந்து விலகிய பிறகு, சீக்கோ மேடையில் நிரந்தர ஆளானார். மார்லி பின்பற்றிய ஜமைக்கா சமயமான ராஸ்தாஃபாரியின் வழிபாட்டு இசை நியாபிங்கி; அந்த மேளத்தில் மூன்று டிரம்கள் உண்டு: அடித்தளமாக அதிரும் பேஸ், இதயத் துடிப்புபோல் ஒரே சீராக ஓடும் ஃபண்டே, உச்ச ஒலியில் பேசும் ரிப்பீட்டர். முதல் இரண்டும் கட்டுப்பட்டு நடக்க, மூன்றாவதுக்கு மட்டும் விளையாட இடம் உண்டு. சீக்கோவின் கைக்கு உகந்தது அதுதான். மார்லி பாடிய ஜமைக்கா இசையான ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் முதல் அடி காலியாக இருக்கும், மூன்றாவதில்தான் அழுத்தம் விழும். அந்தக் காலி இடத்தை அடைத்துவிட எந்தக் கைக்கும் ஆசை வரும். இவர் அடைக்கமாட்டார், சும்மா தொட்டுவிட்டுப் போவார். ஹெட்ஃபோனில் மார்லியின் 'பேபிலோன் சிஸ்டம்' (1979) பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் வேண்டாம், இறங்கும் இடத்தைத் தவறவிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

சீக்கோ 2021 நவம்பரில், 90 வயதில் காலமானார்.