கன்று வீசிய மாட்டை விற்றுவிட்டால் தொழுவம் தப்பிக்குமா?

கேள்வி: எங்களிடம் 7 கறவை மாடுகள் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு முன் தரகர் மூலம் சந்தையில் ஒரு ஜெர்சி கலப்பின மாடு வாங்கினோம். 'இரண்டாம் ஈற்று, 4 மாதச் சினை' என்றார். ஏழரை மாதத்திலேயே கருக்கலைந்து கன்றை வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழாமல் இரண்டு நாள் கிடந்ததால், ஊர்க்காரர் ஒருவர் கைவிட்டு எடுத்தார். போன வாரம் எங்கள் தொழுவத்திலேயே பிறந்து வளர்ந்த மாடும் எட்டாம் மாதத்தில் வீசிவிட்டது. இரண்டையும் தானே எடுத்துக்கொள்வதாகத் தரகர் சொல்கிறார். இன்னொருவர், 5 நாள் ஊசி போட்டால் சரியாகிவிடும், மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவிடலாம் என்கிறார். எதைக் கேட்பது? 3 மாதத்திலும் 11 மாதத்திலும் இரண்டு கிடேரிக் கன்றுகள் இருக்கின்றன. அம்மாவுக்கு இரண்டு வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?
— திருச்செங்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். மாட்டை விற்கவும் வேண்டாம், அந்த ஊசியும் வேண்டாம். ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை உங்கள் கொட்டகையிலிருந்து ஒரு மாடும் வெளியே போகக் கூடாது, புதிதாக ஒன்றும் உள்ளே வரக் கூடாது. அம்மாவை நாளைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சினையின் கடைசி மூன்று மாதத்தில் கன்று வீசுகிறது, நஞ்சு தங்குகிறது, வாங்கி வந்த மாட்டுக்கு முதலில் வந்து அப்புறம் வீட்டு மாட்டுக்கு வருகிறது. இந்த வரிசையைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது புரூசெல்லோசிஸ். நம் கால்நடைத் துறைத் துண்டறிக்கைகளில் 'கன்று வீச்சு நோய்' என்று போட்டிருக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் லெப்டோஸ்பைரா, பூசணம் பிடித்த சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்திய பசுந்தீவனம்) தின்பதால் வரும் லிஸ்டீரியா என்று வேறு கிருமிகளும் உண்டு. எது என்று ஆய்வகம்தான் சொல்ல முடியும். வெயில் சூடு, மாடு சறுக்கி விழுந்தது, கண் பட்டது என்று சொல்லி ஒரு முறை விட்டுவிடலாம். இரண்டாவது மாடும் வீசிய பிறகு அப்படி விடக் கூடாது.

வீட்டு மாட்டுக்கு எப்படி ஒட்டியது? நோயுள்ள மாடு கன்று வீசும்போது அந்தக் கன்றிலும் நஞ்சிலும் கழிவு நீரிலும் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். பக்கத்து மாடு முகர்ந்து பார்த்து நக்கினாலே போதும். அந்த ஈரம் பட்ட தட்டைத் தீவனத்தைத் தின்றாலும் போதும். நஞ்சை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியும். வைக்கோலில் சுற்றி, பால் நன்றாகச் சுரக்கட்டும் என்று ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். காக்கையும் நாயும் அதை இழுத்து ஊரெல்லாம் போடும். பாலுக்காகச் செய்கிற காரியம், கிருமியைப் பத்துத் தொழுவத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இனிமேல் வீசிய கன்று, நஞ்சு, கீழே கிடந்த வைக்கோல் எல்லாவற்றையும் நாய் தோண்ட முடியாத ஆழத்தில், நான்கைந்து அடி குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். தரையில் முதலில் சாணியை வழித்துவிட்டு அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றுங்கள். சாணியின் மேல் ஊற்றினால் மருந்து வேலை செய்யாது. வெயில் படும் இடத்தில் இந்தக் கிருமி சீக்கிரம் சாகும். நிழலிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அடுத்தது அந்த 5 நாள் ஊசி. இந்தக் கிருமி உடம்பின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து, மடியிலும் நிணநீர்க் கட்டிகளிலும் ஒளிந்துகொள்ளும். மாட்டில் அதை முழுக்க அழிக்கும் சிகிச்சை என்று நம்பிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு ஏன் ஊரில் நாலு பேர் 'ஊசி போட்டோம், அடுத்த ஈற்று நல்லபடியாக ஈன்றது' என்கிறார்கள்? இந்த நோய் வந்த மாடு பெரும்பாலும் ஒரு முறைதான் வீசும். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்த முறை நிறைமாதக் கன்று பிறக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஈனும்போதும் பாலிலும் கிருமி வந்துகொண்டே இருக்கும். ஊசி போட்டவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் கிடைக்கிறது, உங்களுக்குச் செலவு, பக்கத்து மாட்டுக்கு நோய். படிக்காமல் ஊசிப் பையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறவர்களிடம் இந்த ஒரு விஷயத்திலாவது ஏமாறாதீர்கள்.

இனி தரகர். முப்பது வருடத்துக்கு மேல் மாடு பார்த்திருக்கிறேன். இந்த நோயைக் கிருமிக்கு அடுத்தபடியாக அதிகம் பரப்புவது யார் என்று கேட்டால், கன்று வீசிய மாட்டை மலிவாக வாங்கி, இரண்டு சந்தை தள்ளிக் கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்கிறவர்களைத்தான் சொல்வேன். எல்லாத் தரகரும் அப்படி இல்லை. ஆனால் உங்களிடம் 'நானே எடுத்துக்கொள்கிறேன்' என்கிறவர் அந்த மாட்டை வைத்து என்ன செய்வார் என்று யோசியுங்கள். உங்களுக்கு எப்படி வந்ததோ அப்படியே இன்னொருவர் வீட்டுக்குப் போகும்.

சந்தையில் நாம் சுழி பார்க்கிறோம், பல் பார்க்கிறோம், துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுகிறோம். ரத்தம் மட்டும் பார்ப்பதில்லை. கன்று வீசிய மாட்டுக்கு வேறு மாட்டின் கன்றைக் கட்டி 'ஈன்று பத்து நாள்' என்று காட்டுவார்கள். கன்றை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். தாய் கூப்பிடுகிறதா, நக்குகிறதா, அல்லது காலால் உதைக்கிறதா என்று பாருங்கள். கன்றின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்து தோல் மூடியிருந்தால் அது பெரும்பாலும் பத்து நாள் கன்றாக இருக்காது. வால் முடியைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். பழுப்பு நிறத்தில் காய்ந்த கறையும் கெட்ட வாடையும் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். முன்னங்கால் முட்டியில் பந்து மாதிரி வீக்கம் இருந்தால் 'கட்டுத்தறியில் இடித்துக்கொண்டது' என்பார்கள். இந்த நோயிலும் அந்த வீக்கம் வரும். இவ்வளவும் பார்த்த பிறகும் மாடு பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். அதனால் முன்பணம் மட்டும் கொடுத்து, ரத்த முடிவு வந்த பிறகு மீதி என்று பேசுங்கள். ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம். வாங்கி வந்தாலும் ஒரு மாதம் தனியே கட்டி, மறுபடி சோதித்த பிறகே மற்ற மாடுகளோடு சேருங்கள்.

சோதனை பெரிய விஷயம் இல்லை. கால்நடை மருந்தகத்தில் சொன்னால் ரத்தம் எடுத்து மாவட்டத்தில் இருக்கும் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு சொட்டு ரத்தநீரோடு ஒரு சொட்டு ரோஸ் நிற மருந்தைக் கலந்து தட்டை மெல்ல ஆட்டுவார்கள். நோய் இருந்தால் நான்கு நிமிடத்துக்குள் மணல் மாதிரித் திரளும். நோய் இல்லாவிட்டால் கலங்கலாக அப்படியே இருக்கும். 7 மாட்டுக்கும் எடுங்கள். போன வாரம் வீசிய மாட்டுக்கு இப்போது 'இல்லை' என்று வந்தாலும் நம்பிவிடாமல் மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். நான்கு நிமிடத்தில் தெரிகிற முடிவு விவசாயி கைக்கு வர மூன்று வாரம் ஆனதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சில முறை கோப்பிலேயே தங்கிவிடும், மாட்டுக்காரருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். வாரத்துக்கு இரண்டு முறை போய்க் கேளுங்கள், சங்கடப்படாதீர்கள்.

முடிவில் நோய் உறுதியானால் அந்த மாட்டைக் கழிப்பதுதான் புத்தகம் சொல்லும் வழி. கழித்த மாட்டுக்குப் பணம் கைக்கு வந்ததாக ஒரு விவசாயி சொல்லி நான் கேட்டதில்லை. நஷ்டம் முழுவதையும் மாட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, 'ஏன் மறைத்து விற்கிறீர்கள்' என்று கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் விற்காதீர்கள் என்றே சொல்வேன். தனிக் கொட்டகை, தனித் தொட்டி, கடைசியில் கறப்பது, சினைப்படுத்தாமல் விடுவது என்று பிரித்து வைத்து, மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

இனி அம்மா விஷயம். இந்த நோய் மாட்டிலிருந்து மனிதருக்கும் ஒட்டும். அந்த மாட்டைக் கறந்தாரா, நஞ்சு எடுக்கும்போது பக்கத்தில் இருந்தாரா, கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடித்தாரா? இதில் ஒன்று நடந்திருந்தாலும் மருத்துவரிடம் 'வீட்டில் இரண்டு மாடு கன்று வீசியிருக்கிறது, புரூசெல்லா சோதனை செய்யுங்கள்' என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் டைபாய்டு, மலேரியா என்று சுற்றிக்கொண்டிருப்பார்கள். எனக்கே அப்படித்தான் ஆனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையுறை இல்லாமல் ஒரு மாட்டுக்கு நஞ்சு எடுத்தேன். ஒரு மாதம் கழித்து ராத்திரியில் பனியன் பிழியும் அளவு வியர்வை, இடுப்பு வலி, மாலையானால் காய்ச்சல். மூன்று இடத்தில் காட்டியும் தெரியவில்லை. நான்காவதாகப் பார்த்தவர்தான் 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று கேட்டார். ஆறு வாரம் இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டுக் குணமானேன். நடுவில் நிறுத்தினால் திரும்பி வரும். கைவிட்டு நஞ்சு எடுத்த ஊர்க்காரரிடமும் சொல்லிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தக் கொட்டகைப் பக்கமே போக வேண்டாம். பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும்.

தடுப்பூசிக்கு வருவோம். இந்த நோய்க்குப் போடும் எஸ்19 தடுப்பூசி என்பது உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமி. 1923-இல் அமெரிக்காவில் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்ததில் வீரியம் குறைந்தது. கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள், வாழ்நாளில் ஒரே முறை. காளைக் கன்றுக்குக் கூடாது. சினை மாட்டுக்குப் போட்டால் ஊசியே கன்றை வீச வைக்கலாம். உங்கள் மற்ற மாடுகளுக்கும் போடச் சொன்னவருக்கு இது தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதை நிதானமாகப் படியுங்கள். ஊசி போட்ட கன்றின் ரத்தத்தைச் சோதித்தால் 'நோய் இருக்கிறது' என்று காட்டும். ரோஸ் நிற மருந்துக்கு ஊசிக் கிருமியும் நோய்க் கிருமியும் ஒன்றுதான். சரியான வயதில் போட்டிருந்தால் ஒன்றரை வயதுக்குள் இது பெரும்பாலும் மறைந்துவிடும். அதனால் ஊசி போட்ட கிடேரியை அந்த வயதுக்குப் பிறகே சோதிக்க வேண்டும். வயது கடந்து போட்டாலோ நெடுநாள் மறையாது. இப்போது பெரிய மாடுகளுக்குப் போட்டுவிட்டால் எது நோய் மாடு, எது ஊசி மாடு என்று பிறகு பிரிக்கவே முடியாது. தரகர்கள் இதையும் பிடித்துக்கொண்டு விட்டார்கள். ஒன்றரை வயதை எப்போதோ தாண்டி நான்கு பல் போட்ட மாட்டுக்கு நோய் இருப்பதாக முடிவு வந்தால் 'அது சின்னதில் ஊசி போட்டதுங்க' என்கிறார்கள். காதுவில்லையின் 12 இலக்க எண்ணை மருந்தகத்தில் கொடுத்து, ஊசி போட்ட பதிவு இருக்கிறதா, எந்தத் தேதி என்று பார்க்கச் சொல்லுங்கள். பதிவு இல்லாவிட்டால் அந்தப் பேச்சை ஏற்காதீர்கள். சரியான வயதில் போட்ட பதிவு இருந்தாலும் அந்த வயது மாட்டில் ஊசியைக் காரணம் காட்டுவது பெரும்பாலும் பொய்தான்.

தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து இந்த ஊசி இலவசம். ஆனால் சுற்றுச் சுற்றாக வருகிறது. கன்று அட்டவணை பார்த்தா பிறக்கிறது? முகாம் முடிந்த வாரத்தில் நான்கு மாதம் முடிக்கும் கன்று, அடுத்த முகாமுக்குள் எட்டைத் தாண்டிவிட்டால் விட்டதுதான். உங்கள் 11 மாதக் கிடேரி அப்படித் தவறியிருக்கிறது. அதைச் சினைப்படுத்தும் முன் ரத்தம் பாருங்கள், ஊசி வேண்டாம். 3 மாதக் கன்றுக்கு நேரம் இருக்கிறது. அது எந்த மாட்டின் கன்று என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முகாமுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே மருந்தகத்தில் அதன் பிறந்த தேதியைக் கொடுத்து, அடுத்த மாதம் ஊசி வருமா என்று கேளுங்கள். நான்கு மாதம் முடியும் நாளையும் எட்டு மாதம் முடியும் நாளையும் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். ஊசி போடுகிறவர் கையுறையும் கண்ணாடியும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கன்றைக் கயிற்றில் இறுக்கிப் பிடித்துக்கொள்வது உங்கள் வேலை. கன்று உதறி ஊசி அவர் விரலில் குத்தினால் அவரும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.