ஓராண்டு டிப்ளமோ படித்தால் பம்ப் ஓட்ட விடுவார்களா?

கேள்வி: என் தங்கை வேலூரில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்திருக்கிறாள். இதய ஆபரேஷனில் மெஷின் பார்க்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தெரிந்தவர் மூலமாக வந்த ஒருவர், “டிகிரி இருப்பதால் ஓராண்டு அட்வான்ஸ்டு டிப்ளமோ போதும், அது பி.ஜி.க்குச் சமம், வேலூரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, இரண்டு வருஷத்தில் அமெரிக்கா” என்கிறார். மொத்தம் 2,75,000 ரூபாய். 40,000 முன்பணம் கொடுத்துவிட்டோம், அசல் சர்டிபிகேட்டுகளும் அவரிடம்தான் இருக்கின்றன. இந்தப் படிப்பு செல்லுமா? இல்லை, மறுபடியும் முதலிலிருந்து நான்கு வருஷம் படிக்க வேண்டுமா? (குடியாத்தத்திலிருந்து ஒரு அண்ணன், ஆம்பூரில் ஷூ கம்பெனி ஊழியர்)

பதில்: தம்பி, செல்லாது. மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் தங்கை ஆசைப்படும் வேலை என்ன என்பதை வீட்டில் எல்லோரும் ஒருமுறை தெரிந்துகொள்ளுங்கள். இதயத்தைத் திறந்து தைக்க வேண்டுமானால் அது துடிக்காமல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் உடம்புக்கு ரத்தம் ஓட்டுவதும், அந்த ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றுவதும், அதைக் குளிர வைத்து மறுபடி சூடாக்குவதும் ஹார்ட்-லங் மெஷின். அதை ஓட்டுபவர் பெர்ஃபியூஷனிஸ்ட், நானும் அதுதான். தியேட்டரில் நாங்கள் அதைச் சுருக்கமாகப் பம்ப் என்போம். 1953 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் என்ற சர்ஜன் ஒரு 18 வயதுப் பெண்ணை 26 நிமிடம் முழுக்க முழுக்க இந்த மெஷினில் வைத்துக் காப்பாற்றினார். அங்கிருந்து தொடங்கியது இந்தத் தொழில். 1960-களின் தொடக்கத்திலேயே அது வேலூருக்கும் வந்துவிட்டது. நம் ஊருக்கு இது புதுசில்லை.

ஒரு கேஸ் எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே டியூப் எல்லாம் மாட்டி, ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் திரவம் ஊற்றி ஓடவிடுவோம். அதற்கு பிரைமிங் என்று பெயர். அப்புறம் ஆக்சிஜனேட்டரைக் கையால் தட்டித் தட்டி, டியூபைக் கிளாம்பால் தட்டி, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குமிழிகளை விரட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் குமிழி போய்விடும். மூலையில் ஒளிந்திருக்கும் குமிழிதான் ஆபத்து. அது தமனி லைன் வழியாக மூளைக்குப் போனால் ஆபரேஷன் எவ்வளவு நன்றாக நடந்தாலும் நோயாளி கண் விழிக்காமல் போகலாம். பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் என்ற மருந்தைக் கொடுத்து, ரத்தம் உறையும் நேரம் வழக்கமாக 480 விநாடியைத் தாண்டிவிட்டதா என்று பார்த்த பிறகே “பம்ப் போகலாம்” என்று சொல்வோம். அதைச் சொல்லும் குரல் உங்கள் தங்கையுடையதாக இருக்கும். சொல்லக் கூடாத நேரத்தில் சொல்லாமல் இருக்கவும் அவளுக்குத் தெரிய வேண்டும். எதிரே நிற்கும் சர்ஜன் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி.

மெஷினின் பக்கத்தில் ஒரு கைப்பிடி தொங்கும். கரண்ட் போய், பேட்டரியும் கைவிட்டால் அதைச் செருகி, ரத்தத்தைத் தள்ளும் ரோலரைக் கையால் சுற்ற வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நிமிடத்துக்கு நூறு சுற்றாவது தேவைப்படும், அதுவும் அம்புக்குறி காட்டும் திசையில்தான். எதிர்த்திசையில் சுற்றினால் ரத்தம் பின்னால் இழுக்கும். ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு இது ஒரே ஒருமுறை நடந்தது. நானும் ஜூனியர் பையனும் மாற்றி மாற்றிச் சுற்றினோம். எட்டு நிமிடம்தான். கை வலித்தது மறந்துவிட்டது, பையன் முதலில் கைப்பிடியைத் தலைகீழாகச் செருகப் பார்த்தது மறக்கவில்லை. அவனிடமும் ஒரு டிப்ளமோ சர்டிபிகேட் இருந்தது.

இப்போது உங்கள் ஆள் சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓராண்டு டிப்ளமோ பி.ஜி.க்குச் சமம் என்கிறார். 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய அலைட் அண்ட் ஹெல்த்கேர் தொழில்கள் ஆணையச் சட்டம் இருக்கிறது. இதுபோன்ற தொழில்களில் டிப்ளமோவாக இருந்தாலும் பட்டமாக இருந்தாலும், குறைந்தது 2,000 மணி நேரம், அதுவும் 2 முதல் 4 ஆண்டுகளுக்குள் பரவிய படிப்பு வேண்டும் என்பது அதன் கணக்கு. ஓராண்டு என்ற வார்த்தை வந்ததுமே நீங்கள் எழுந்து வந்திருக்கலாம். சட்டம் போட்டார்கள், சரி. அதை நடைமுறைப்படுத்த மாநில கவுன்சில்களை அமைக்க இழுத்தார்கள், இழுத்தார்கள், கடைசியில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே மத்திய, மாநில அரசுகளுக்கு இரண்டு மாதம் கெடு வைக்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில்தான் இந்தப் புரோக்கர்கள் வளர்ந்தார்கள். பெயரில் ‘கவுன்சில்’, ‘நேஷனல்’, ‘போர்டு’ என்று மூன்று வார்த்தைகளைச் சேர்த்து ஹாலோகிராம் ஒட்டிய ஒரு தாளை அடித்துக் கொடுத்தால் யார் கேட்பது?

நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: பட்டத்தில் கையெழுத்துப் போடுவது எந்தப் பல்கலைக்கழகம்? தமிழ்நாட்டில் இந்தப் படிப்பின் முழுப்பெயர் பி.எஸ்சி. கார்டியோ பல்மனரி பெர்ஃபியூஷன் கேர் டெக்னாலஜி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். வேறு நல்ல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நடத்துகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டதும் அந்த ஆள் “டை-அப் இருக்கிறது சார்” என்பார். டை-அப் என்றால் இல்லை என்று அர்த்தம்.

இன்னொரு பெரிய பொறி, இதில் படித்தவர்களே விழுகிறார்கள். கார்டியாக் டெக்னாலஜி வேறு, பெர்ஃபியூஷன் வேறு. முன்னது எக்கோ, டிரெட்மில், ஆஞ்சியோகிராம் நடக்கும் கேத் லேப். பின்னது ஆபரேஷன் தியேட்டர். இரண்டுக்கும் ‘இதயம்’ என்ற வார்த்தை பொது என்பதால் சேர்க்கையின்போது ஒன்றைச் சொல்லி இன்னொன்றில் தள்ளிவிடுகிறார்கள். கேத் லேபும் நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்தவரைப் பம்ப் பக்கத்தில் உட்கார விடமாட்டோம்.

பயிற்சி நடக்கும் ஆஸ்பத்திரியைப் பற்றியும் விசாரியுங்கள். “ஹார்ட் சென்டர்” என்ற பலகை இருந்தால் போதாது. ஸ்டென்ட் வைப்பதற்குப் பம்ப் தேவையே இல்லை. பைபாஸ் சர்ஜரியையும் நம் நாட்டில் நிறைய இடங்களில் இதயத்தை நிறுத்தாமல், ஆஃப்-பம்ப் முறையில்தான் செய்கிறார்கள். அதுபோன்ற இடத்தில் மாணவர்கள் வருஷம் முழுக்க ஓரமாக நின்றுவிட்டு வருவார்கள். எத்தனை வால்வு ஆபரேஷன், குழந்தைகளின் பிறவிக் கோளாறு ஆபரேஷன் எத்தனை, மாணவர் கையில் ஓடியது எத்தனை, லாக் புக்கில் யார் கையெழுத்து? இந்தக் கேள்விகளைப் புரோக்கரிடம் கேட்க வேண்டாம், அவருக்குப் புரியாது. அங்கே மூன்றாம் வருஷம் படிக்கும் பிள்ளையிடம் டீக்கடையில் வைத்துக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

அந்த ஆள் கட்டாயம் ஒரு வாதம் வைப்பார், வைத்தும் இருப்பார்: “இந்த ஊரில் சீனியர் பெர்ஃபியூஷனிஸ்ட்டுகள் எல்லாம் இந்த டிகிரியா படித்தார்கள்?” இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சீனியர்களில் நானும் ஒருவன். பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, வேறு எங்கேயும் போக வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவன். முதல் ஒரு வருஷம் டியூப் கழுவினேன், ரத்தப் பை தூக்கினேன். அடுத்த வருஷம் என் சீனியர் பக்கத்தில் நின்று சார்ட் எழுதினேன். எத்தனை லிட்டர் ஓட்டம், பிரஷர் எவ்வளவு, டெம்பரேச்சர் எவ்வளவு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. மூன்றாவது வருஷம்தான் அவர் எழுந்து “நீ உட்கார்” என்றார். அவரும் நகரவில்லை, என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். அன்றைக்கு இந்தப் படிப்பே இல்லை, அதனால் ஆஸ்பத்திரியே கல்லூரி. அப்படி வந்தவர்கள் கையில் சான்றிதழ் குறைவாக இருக்கலாம், ஓட்டிய கேஸ் ஆயிரக்கணக்கில் இருக்கும். சட்டமும் அவர்களை நடுத்தெருவில் விடவில்லை. சட்டம் வந்தபோதே வேலையில் இருந்தவர்கள் தற்காலிகப் பதிவேட்டில் பெயர் சேர்க்க வழி வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவு ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு. இன்றைக்குப் புதிதாக வரும் 21 வயதுப் பெண்ணுக்கு அது கதவே இல்லை. எங்களைக் காட்டி உங்களிடம் பணம் கேட்பவரிடம், அந்தச் சீனியர்கள் எந்த இன்ஸ்டிட்யூட்டுக்கு 2,75,000 கட்டினார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். நாங்கள் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. எனக்கு மாதம் உதவித்தொகை கொடுத்தார்கள், குறைவுதான், ஆனாலும் கொடுத்தார்கள்.

அமெரிக்கா? அங்கே வேலைக்கு அமெரிக்கன் போர்டு ஆஃப் கார்டியோவாஸ்குலர் பெர்ஃபியூஷன் தேர்வை எழுத வேண்டும். அதற்கு அங்கே அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்திருக்க வேண்டும், படிக்கும்போதே 75 கேஸாவது ஓட்டியிருக்க வேண்டும். இங்கே வாங்கிய டிப்ளமோவை வைத்துக்கொண்டு விமானம் ஏறினால் பம்ப் பக்கம் போக முடியாது. வளைகுடா நாடுகளுக்கு நம் பிள்ளைகள் நிறையப் போகிறார்கள், அது நடக்கிற காரியம். ஆனால் அங்கே போவதற்கு முன் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு உண்டு. நீங்கள் கொடுக்கும் சான்றிதழை அவர்கள் நம்புவதில்லை, அதை வழங்கிய பல்கலைக்கழகத்துக்கே நேராக எழுதிக் கேட்பார்கள். ‘நேஷனல் கவுன்சில்’ பலகை மாட்டிய மாடி அறை அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதும்?

சரி, உங்கள் தங்கைக்கு என்ன வழி? எம்.எஸ்சி. பெர்ஃபியூஷன் என்று சில இடங்களில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பெர்ஃபியூஷனில் பி.எஸ்சி. முடித்தவரைத்தான் எடுப்பார்கள், பயோகெமிஸ்ட்ரிக்கு அந்தக் கதவு கஷ்டம். பொதுவான அறிவியல் பட்டதாரிக்கு உருப்படியான வழி, நல்ல நிறுவனத்தின் இரண்டாண்டு பி.ஜி. டிப்ளமோ. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் கிளினிக்கல் பெர்ஃபியூஷனில் அப்படி ஒன்று நடத்துகிறது. இந்தியாவில் தயாரான சித்ரா இதய வால்வு பிறந்த இடம் அது. சீட்டு விரல்விட்டு எண்ணும் அளவுதான், போட்டி கடுமை. தகுதிப் பாடங்களில் பயோகெமிஸ்ட்ரி இருக்கிறதா என்று அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிடைத்தால் நான்கு வருஷம் தேவையில்லை.

கிடைக்காவிட்டால் முதலிலிருந்து பி.எஸ்சி.தான். “மறுபடியும் நான்கு வருஷமா?” என்று வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவீர்கள். 21-ல் சேர்ந்தால் 25-ல் முடித்துவிடுவாள், கல்யாணப் பேச்சு எடுப்பவர்களிடமும் அதையே சொல்லுங்கள். அரசு ஒதுக்கீட்டில் கட்டணம் குறைவு. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி போன்ற இடங்கள் சேர்க்கை அறிவிப்பைத் தாங்களே வெளியிட்டு, தாங்களே தேர்ந்தெடுக்கின்றன. நடுவில் ஆள் கிடையாது. காந்தி ரோட்டு லாட்ஜ் வாசலிலோ காட்பாடி ஜங்ஷனிலோ “உள்ளே எனக்கு ஆள் இருக்கு” என்பவருக்கு உள்ளே யாரும் இல்லை. வெளியே தரகுக் கமிஷன்தான் இருக்கிறது.

ஆரம்பச் சம்பளம் உங்கள் கம்பெனி சூப்பர்வைசர் வாங்குவதைவிடப் பெரிதாக இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எமர்ஜென்சி என்றால் ஓட வேண்டும். எக்மோ, அதாவது இதயம், நுரையீரலின் வேலையை நாள்கணக்கில் செய்யும் மெஷினில் நோயாளி இருந்தால் அத்தனை நாளும் ஷிப்டு. அது தெரிந்தும் அவள் வேண்டும் என்றால் விடுங்கள், படிக்கட்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட அவசரமான காரியம். அசல் சான்றிதழ்களைக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகளே பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இலேயே சொல்லிவிட்டது. புரோக்கருக்கு ஏது உரிமை? 40,000 பற்றிப் பேச்சையே எடுக்காதீர்கள். முதலில் பணத்தைக் கேட்டால் சான்றிதழைப் பிணையாகப் பிடித்துக்கொள்வார். “வங்கியில் கல்விக்கடனுக்கு ஒரிஜினல் காட்டச் சொல்கிறார்கள்” என்று சொல்லித் தங்கையையும் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆறு செமஸ்டர் மார்க் ஷீட், கன்சாலிடேட்டட், புரவிஷனல். அங்கேயே எண்ணிப் பாருங்கள். தர மறுத்தால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். பணத்துக்கான ரசீது, ஜி-பே ஸ்கிரீன்ஷாட், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸ் எதையும் அழிக்க வேண்டாம். சான்றிதழ்கள் வீட்டு பீரோவுக்குள் வந்த மறுநாள் பணத்தைக் கேளுங்கள்.