தேதி குழப்பும் பழைய சாஃப்ட்வேர்: கேள்வி-பதில்

கேள்வி: டாஸ் காலத்து, கிளிப்பர் என்ற மொழியில் எழுதிய பில்லிங் புரோகிராம். 2024 கடைசி வரை ஒழுங்காக ஓடியது. இப்போது 01/04/25 என்று போட்டால் பில் சரியாக அச்சாகிறது. தேதிவாரி ரிப்போர்ட்டில் மட்டும் எல்லாவற்றுக்கும் முதலில் போய் நிற்கிறது.

பதில்: உள்ளே 1925 என்று பதிவாகிறது. அச்சில் கடைசி இரண்டு இலக்கம்தான் வருவதால் கண்ணில் படவில்லை. 2000-ஆம் ஆண்டைச் சமாளிக்க யாரோ ‘செட் எபோக் டு 1925’ என்று, அதாவது இரண்டு இலக்க வருடத்தை 1925-லிருந்து நூறு வருடத்துக்குள் எடுத்துக்கொள் என்று, எழுதியிருக்க வேண்டும். அதன்படி 24 என்றால் 2024, 25 என்றால் 1925. சோர்ஸ் (புரோகிராமின் மூல நிரல்) கையில் இருந்தால் அந்த 1925-ஐ 1950 ஆக்கி மறுபடி கம்பைல் செய்யுங்கள் (ஓடும் புரோகிராமாக மாற்றுங்கள்). 2049 வரை தாங்கும். கிளிப்பரைப் போன்ற ஃபாக்ஸ்புரோவில் எழுதியதென்றால் ‘செட் செஞ்சுரி டு 19 ரோல்ஓவர் 50’.

இது இனிமேல் போடும் என்ட்ரிக்குத்தான். டேட்டாவைச் சேமிக்கும் டிபிஎஃப் ஃபைலில் தேதி 19250401 என்று எட்டு இலக்கமாகவே கிடக்கிறது, அது தானாக மாறாது. எல்லா மெஷினிலும் புரோகிராமை மூடி, ஃபைலை காப்பி எடுத்துக்கொண்டு, ஃபாக்ஸ்புரோவில் டேபிளைத் திறந்து, 1950-க்கு முந்தைய பில் தேதிகளுக்கு மட்டும் ‘கோமன்த்’ ஃபங்ஷனால் 1200 மாதம் (நூறு வருடம்) கூட்டுங்கள். டேட்டாவை வரிசைப்படுத்தும் இண்டெக்ஸை பில்லிங் புரோகிராமின் மெனுவிலிருந்தே கட்டுங்கள். கிளிப்பரின் இண்டெக்ஸான என்டிஎக்ஸ் ஃபைல் ஃபாக்ஸ்புரோவுக்குப் புரியாது. பிறந்த தேதி ஃபீல்டில் மட்டும் கை வைக்காதீர்கள். 1948-ல் பிறந்தவர் 2048-ல் பிறப்பார்.

கேள்வி: விபி 6-ல் (விஷுவல் பேசிக்) எழுதிய புரோகிராம், டேட்டா மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸில். மாதத்தின் முதல் 12 நாளுக்கு ரிப்போர்ட் தப்பு, 13-லிருந்து சரி. டேட்டா கெட்டுவிட்டதா?

பதில்: அந்த 12 என்ற எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. ஆக்சஸ், டேட்டாவைக் கேட்கும் எஸ்க்யூஎல் வரியில் இரண்டு # குறிக்கு நடுவில் வரும் தேதியை, விண்டோஸ் செட்டிங் எதுவானாலும், மாதம்/நாள்/வருடம் என்றே படிக்கும். நீங்கள் அடித்த 05/03/2024 அதற்கு மே 3. 13/03/2024 வந்தால் 13-வது மாதம் இல்லையே என்று தானே திருப்பிப் போட்டு மார்ச் 13 என எடுத்துக்கொள்ளும். எரர் காட்டியிருந்தால் என்றோ பிடிபட்டிருக்கும். இந்தக் கரிசனம்தான் வினை.

கோடில் தேதியை ‘ஃபார்மட்’ ஃபங்ஷனால் 2024-03-05 என்ற வடிவுக்கு மாற்றி அனுப்புங்கள். சோர்ஸ் இல்லையென்றால் திரையிலேயே அப்படி அடித்துப் பாருங்கள். கட்டம் ஏற்றுக்கொண்டால் ரிப்போர்ட் பிரச்சினை தீர்ந்தது.

டேட்டா கெட்டதா என்பது தனிக் கேள்வி. டேபிளை பில் எண் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 411 மார்ச் 4, 412 மே 3, 413 மார்ச் 6 என்று துள்ளினால் சேமிக்கும்போதே புரண்டிருக்கிறது. அந்த வரிகளை மட்டும் திருத்துங்கள். 05/05 மாதிரி தேதிகள் எப்படிப் புரண்டாலும் சரியாகவே தெரியும்.

கேள்வி: பில் எண் தானாக உருவாகும்போது 2022 ஜனவரி 1 முதல் ‘ஓவர்ஃப்ளோ’.

பதில்: புரோகிராம் வருடம், மாதம், நாள், மணி, நிமிடம் என இவ்விரண்டு இலக்கமாகச் சேர்த்து 10 இலக்க எண் செய்கிறது. முழு எண்ணை வைக்கும் ‘லாங்’ டைப்பின் உச்சம் 2147483647. 2112312359 அதற்குள் அடங்கியது, 2201010001 அடங்கவில்லை. ஃபீல்டையும் வேரியபிளையும் டெக்ஸ்ட் ஆக்குங்கள்.

பல பழைய புரோகிராம்களில் 2038 ஜனவரி 19-ல் வரப்போவதும் இதே உச்சம்தான். அங்கே எண்ணுவது 1970-லிருந்து விநாடிகளை. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ‘டைம்ஸ்டாம்ப்’ ஃபீல்டு இருந்தால் ‘டேட்டைம்’ ஆக மாற்றி வையுங்கள். 2038-ஐத் தாண்டித் தவணைத் தேதி போடுபவர்களுக்கு அந்தச் சிக்கல் இப்போதே வந்துவிடும்.

கேள்வி: தினமும் காலையில் முதல் இரண்டு பில்லில் மட்டும் பழைய தேதி.

பதில்: சாஃப்ட்வேர் மேல் பழியில்லை. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. நெட் வந்ததும் விண்டோஸ் கடிகாரத்தைத் திருத்திவிடுவதால் மூன்றாவது பில் தப்பிக்கிறது. பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் செட்டிங் திரை) ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா மோடு ஐடிஇயா ஏஹெச்சிஐயா என்று குறித்துக்கொள்ளுங்கள். அது மாறிப்போனால் விண்டோஸ் பூட் ஆகாமல் நிற்கலாம்.

கேள்வி: கம்ப்யூட்டர் தேதியைப் பின்னுக்கு வைத்து ஓட்டலாமா?

பதில்: பழைய ரிப்போர்ட் பார்க்க மட்டும், நெட் இல்லாத தனி விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டலாம். பில் போடும் மெஷினில் வேண்டாம். பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாமல் பிரவுசர் முரண்டு பிடிக்கும், பேக்கப்பில் எது புதியது என்றே தெரியாமல் போகும்.