காடு என்றால் எந்தக் காடு?

கேள்வி: கொங்கு நாவல்களில் விடிந்தால் ஆட்கள் காட்டுக்குப் போகிறார்கள். ஈரோடு, திருப்பூர் பக்கம் அவ்வளவு காடா இருக்கிறது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: எங்கள் பக்கம் காடு என்றால் முதலில் மானாவாரி நிலம்தான். கிணறு இருந்தால் தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல், மழையை நம்பியது காடு. 'காடு ஓட்டியாச்சா?' என்றால் உழுதாகிவிட்டதா என்று அர்த்தம். காங்கேயம் பக்கம் கொறங்காடு என்று இன்னொன்று உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மாடும் செம்மறியும் மேய்வதற்கென்றே விட்ட நிலம். அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். மழைக்குப் பிறகு அது பச்சை கட்டும் அழகைச் சொல்லி மாளாது.

அப்புறம், வயசான ஒருவர் 'காடு வா வாங்குது' என்றால் அது சுடுகாடு.

பக்கத்தில் நிற்கும் வினைச்சொல்லைப் பாருங்கள். ஓட்டினார்கள், விதைத்தார்கள் என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) கிடைத்தால் அவசியம் படியுங்கள். கணவனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கும் கதை. பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் கையோடு இருக்கட்டும்.