குழுவில் இருந்துகொண்டே வெளியே வாசித்தால் குழு கெட்டுவிடுமா?

"அமெரிக்காவின் க்ரூஸேடர்ஸ் ஜாஸ் குழுவினர் எல்லாரும் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாசிக்கப் போனார்கள். அதனால்தானே குழு சிதறியது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குழுவிலும் யாரோ வெளியே போகிறார், உங்களுக்கு அது உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

நான் மதுரைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினோரு வருடம் பேஸ் கிட்டார் வாசித்தவன். ஒரு டிசம்பரில், கச்சேரி இல்லாத நாளாகப் பார்த்து, கிறிஸ்துமஸ் பாடல் பதிவு ஒன்றுக்குப் போய் வந்தேன். அடுத்த கச்சேரி முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, குழுத் தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்ப்பா, இந்த வீட்டுச் சோறு பத்தலையா?" எனக்கு வாய் வரவில்லை. சுருட்டிய வயரைப் பிரித்து மறுபடியும் சுருட்டினேன்.

அந்தச் சமயத்தில், மைக்கேல் ஜாக்சன் சிறுவனாக அண்ணன்மாரோடு இருந்த ஜாக்சன் 5 குழு பாடிய 'ஐ வான்ட் யூ பேக்' பாட்டின் பேஸைக் காதால் கேட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். பியானோ சர்ரென்று இழுத்து முடித்ததும் பேஸ் கிளம்பும், அப்புறம் ஓட்டம் நிற்காது. விரல் கொப்பளித்துவிட்டது. 1969இல் அதை வாசித்தவர் வில்டன் ஃபெல்டர் என்று பிறகு தெரிந்தபோது நம்ப முடியவில்லை. என்னிடமிருந்த க்ரூஸேடர்ஸ் கேசட்டில் அவர் சாக்ஸபோன்காரர்!

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சின்ன வயதிலேயே சேர்ந்து வாசித்தவர்கள் க்ரூஸேடர்ஸ்காரர்கள். லாஸ் ஏஞ்சலஸ் போய் 1961இல் முதல் ஆல்பம் போட்டார்கள். 1971இல் 'ஜாஸ் க்ரூஸேடர்ஸ்' என்றிருந்த பெயரிலிருந்து 'ஜாஸ்' என்ற சொல்லை எடுத்தார்கள். பாடகி ஜோனி மிட்சலின் 1974 ஆல்பம் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்'கில் இந்தக் குழுவின் பியானோக்காரர் ஜோ சாம்பிள், ஃபெல்டர், கிட்டார்காரர் லாரி கார்ல்டன் மூன்று பேருமே வாசித்திருக்கிறார்கள். ஸ்டீலி டான் என்ற ராக் குழுவின் 'கிட் சார்லமேன்' பாட்டில் வரும் கிட்டார் தனி வாசிப்பு கார்ல்டனுடையது. இவ்வளவுக்கும் பிறகு, 1979இல் ராண்டி க்ராஃபோர்ட் பாட, 'ஸ்ட்ரீட் லைஃப்' வந்தது. அவர்களுடைய பெரிய வெற்றி அதுதான்.

க்ரூஸேடர்ஸில் டிராம்போன் என்ற ஊதுகருவி வாசித்த வேய்ன் ஹெண்டர்சன் இடையில் விலகித் தயாரிப்பாளராகப் போனாரே என்று யாராவது கேட்பீர்கள். போனார், அது இழப்புதான். வெளியே போனால் எதுவும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளியே வாசித்த கைகள்தானே திரும்பி வந்து 'ஸ்ட்ரீட் லைஃப்' வாசித்தன?

என் ஆதங்கம் வேறு. அந்தக் கிறிஸ்துமஸ் சிடி உறையில் சாப்பாடு ஏற்பாடு செய்தவர் பெயர்கூட இருந்தது, என் பெயர் இல்லை. ஃபெல்டர் வாசித்த காலத்தில், ஜாக்சன் 5 பாட்டை வெளியிட்ட மோடவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுகளிலும் வாசித்தவர்கள் பெயர் போடும் வழக்கம் இல்லை. இன்றைக்குக் கைபேசியில் பாட்டுக் கேட்டாலும் பாடியவர் பெயர்தான் முன்னால் நிற்கிறது. உங்கள் ஆளைத் தடுக்காதீர்கள். சம்பளம் பேசும்போதே உறையில் பெயர் போடுவதையும் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்.